பட்டியலில் நூறு பேர், பரீட்சைக்கு ஆள் இல்லை

2023 ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு நாள். காலை ஏழே முக்கால் இருக்கும். மதுரை மாட்டுத்தாவணியில் பஸ்ஸை விட்டு இறங்கி, டீ சொல்லிவிட்டு நிற்கிறேன். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: “அண்ணா சாரி, இன்னைக்கு லேப் இன்டர்னல் வச்சிட்டாங்க. நேத்து நைட்டுதான் குரூப்ல போட்டாங்க. என்னால வர முடியாதுண்ணா.”

பத்து மணிக்குப் பரீட்சை. செய்தி அனுப்பிய பெண் பொறியியல் முதலாண்டு மாணவி. அவள் எழுதவிருந்தது தன் பரீட்சையை அல்ல, பி.ஏ. தமிழ் மூன்றாம் ஆண்டு படிக்கும் பார்வையில்லாத ஒரு மாணவி சொல்லச் சொல்ல எழுத வேண்டும். அரசுத் தாள்களில் இதற்கு ‘சொல்வதை எழுதுபவர்’ என்று பெயர். எல்லார் வாயிலும் ஸ்கிரைப்தான்.

அந்த ஒரு காலைப்பொழுதை எடுத்துக்கொண்டு, ஏன் அப்படி ஆனது, எங்கள் பக்கம் என்ன தப்பு, அப்புறம் எதையெல்லாம் மாற்றினோம் என்று எழுதிவைக்கிறேன். ஆட்களின் பெயரும் கல்லூரியின் பெயரும் வேண்டாம். இதே வேலையைச் செய்யும் வேறு ஊர்க்காரர்களுக்கு உதவலாம்.

மூன்று கட்டம் போட்ட ஷீட்

நாங்கள் சங்கமோ அறக்கட்டளையோ இல்லை. மதுரையில் ஐந்தாறு நண்பர்கள், ஒரு கூகுள் ஷீட், அவ்வளவுதான். பார்வையில்லாத கல்லூரி மாணவர்களுக்குத் தேர்வெழுத விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுங்கள் என்று ஒரு ஃபார்வர்டு போட்டோம். இரண்டே நாளில் பெயர்கள் நூறைத் தாண்டின. அந்தச் சந்தோஷத்தில் வேறெதையும் யோசிக்கவில்லை. ஷீட்டில் இருந்தது பெயர், போன் நம்பர், ஏரியா என்று மூன்றே கட்டம்.

முதல் பருவத் தேர்வு வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டால், பாதிப் பேர் சென்னையிலோ பெங்களூரிலோ ஐ.டி. வேலையில் இருக்கிறார்கள், ஊருக்கு வரும் சனி, ஞாயிறு என்றால் சரி என்கிறார்கள். பரீட்சையோ செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறது. இன்னும் சிலர் வங்கி, பள்ளிக்கூடம், கடை என்று பகல் முழுக்க மாட்டிக்கொண்டவர்கள். மிச்சம் இருந்தவர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் அதிகம். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், தமிழில் பிழை இருக்காது, எந்தக் கிழமையானாலும் வரத் தயார். இவர்களைவிட நல்ல ஆள் கிடைப்பார்களா? ஆனால் அவர்களில் ஒருவரைக்கூட அனுப்ப முடியவில்லை. காரணம், படிப்பு அதிகம்.

இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். வெளியில் இருப்பவர்கள் பெரும்பாலும் ‘ஆள் கிடைக்கவில்லை’ என்றால் மனசு உள்ளவர்கள் இல்லை என்றுதான் புரிந்துகொள்கிறார்கள்.

ஒரு படி கீழே

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ வரை இந்த அலைச்சல் இல்லை. பொதுத்தேர்வுக்கு ஸ்கிரைபாக ஆசிரியர் ஒருவரைக் கல்வித்துறையே நியமித்துவிடும். கல்லூரிக்குள் நுழைந்ததும் பல இடங்களில் ‘உன் ஸ்கிரைபை நீயே கூட்டிக்கொண்டு வா’ என்று ஆகிவிடுகிறது. வெளியூரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பதினெட்டு வயதுப் பெண், தெரியாத ஊரில் ஆறு தாளுக்கு ஆறு நாள் ஆள் பிடிக்க வேண்டும்.

மத்திய அரசின் சமூக நீதி அமைச்சகம் 2013 பிப்ரவரி 26 அன்று இதற்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஸ்கிரைபுக்குக் கல்வித் தகுதி, மதிப்பெண், வயது என்று எந்த வரம்பும் வைக்க வேண்டாம். தில்லுமுல்லு நடக்கும் என்று பயமிருந்தால் அறைக் கண்காணிப்பைப் பலப்படுத்துங்கள் என்றது அது. தேர்வு நடத்துகிறவர்களே மாவட்ட வாரியாக ஸ்கிரைப் பட்டியல் வைத்துக்கொள்ளலாம் என்றும் இருந்தது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்த பிறகு, 2018 ஆகஸ்ட் 29 அன்று புதிய வழிகாட்டுதல் வந்தது. மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் என்பது அதிலும் தொடர்ந்தது. ஆனால் ஒரு வரி கூடியது: மாணவர் தானே ஸ்கிரைபைக் கொண்டுவந்தால், அவருடைய படிப்பு மாணவரின் தகுதிக்கு ஒரு படி கீழே இருக்க வேண்டும்.

படித்தவர் எழுதினால் விடையை அவரே எழுதிவிடுவார் என்ற சந்தேகம்தான் அந்த வரி. சந்தேகம் முழுக்க ஆதாரமில்லாதது என்று நான் சொல்ல மாட்டேன். அப்படி நடந்த கதைகளை நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். கண்காணிப்பாளரின் வேலையைக் கொஞ்சம் கூட்டுவதற்குப் பதிலாக, மாணவி தேட வேண்டிய கூட்டத்தையே சுருக்கிவிட்டார்கள். எங்கள் ஷீட்டில் முக்கால்வாசிப் பெயர்களை அந்த ஒரே வரி அடித்துவிட்டது.

சரி, ஒரு படி கீழே என்றால் எது? இங்கேதான் வேடிக்கை. ஒரு கல்லூரியில், மாணவி படிப்பது பி.ஏ., எனவே பிளஸ் டூ முடித்தவர் வரலாம், கல்லூரி முதலாண்டு மாணவர் என்றாலும் சரி என்றார்கள். இன்னொரு கல்லூரியில், மாணவி இன்னும் பட்டம் வாங்கவில்லை, அவள் தகுதியே பிளஸ் டூதான், அதற்கு ஒரு படி கீழே என்றால் பத்தாம் வகுப்பு என்றார்கள். இரண்டையும் அந்த வரிக்குள் படிக்க முடிந்தது. எங்கள் மாணவியின் கல்லூரி முதல் கட்சி. அதனால் முதலாண்டு மாணவர்களைத் தேடிப் போனோம். அவர்களுக்கும் அதே மாதம் பரீட்சை!

இதற்கு மதுரையில் ஒரு சந்து இருக்கிறது. இங்கே தன்னாட்சிக் கல்லூரிகள் பல. அவற்றின் தேர்வு அட்டவணை ஒன்று, பல்கலைக்கழகத்தோடு இணைந்த மற்றக் கல்லூரிகளுக்கு வேறொன்று, பொறியியலுக்கு இன்னொன்று. ஒருவருக்குப் பரீட்சை நடக்கும்போது இன்னொருவருக்கு வகுப்பு நடக்கும். வகுப்பு என்றால் ஓ.டி. (வெளிவேலைக்குப் போனாலும் வருகைப்பதிவு தரும் அனுமதி) வாங்கிக்கொண்டு வரலாம். நாட்டு நலப்பணித் திட்ட (என்.எஸ்.எஸ்.) மாணவர்களுக்கு ஆண்டுக்கு 120 மணி நேரச் சேவைக் கணக்கும் உண்டு. அப்படித்தான் பொறியியல் கல்லூரிப் பெண் எங்களுக்குக் கிடைத்தாள். அட்டவணைகள் விலகி நிற்பதை நம்பி ஆள் போட்டால், அட்டவணை நகர்ந்த அன்றைக்கு ஆள் இல்லை. ஏழே முக்காலுக்கு வந்த செய்தியின் பொருள் அதுதான்.

சின்ன ல, பெரிய ள

அன்றைக்கு இருந்தது இலக்கணத் தாள். அதற்கு யார் வேண்டுமானாலும் எழுதிவிட முடியாது. இது எனக்கே பின்னால்தான் உறைத்தது. வரலாறு, பொருளியல் என்றால் எழுத்துப்பிழைக்கு யாரும் பெரிதாகக் குறைக்க மாட்டார்கள். தமிழ் இலக்கணத்தில் எழுத்துதான் விடை. அந்த மாணவிக்குக் கண் தெரியாது. தாளில் என்ன விழுந்திருக்கிறது என்று அவளால் பார்க்க முடியாது. அவள் வாயால் சொன்ன ‘தளை’ (செய்யுளில் ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் விதம்), தாளில் ‘தலை’ என்று விழுந்தால் அது அவளுடைய பிழையாகத்தான் திருத்தப்படும்.

ஒத்திகைக்கு வந்த ஒருவர் ‘வெண்டளை’யை ‘வெண்டலை’ என்று எழுதியிருந்தார். ஆங்கில வழியில் படித்தவர், அவரைக் குறை சொல்ல முடியாது. புளிமா, கருவிளம் எல்லாம் அவருக்கு ஏதோ காய்கறிக் கடைச் சாமான் மாதிரிதான் கேட்டிருக்கும். மாணவி அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். சந்தேகம் வரும் சொல்லில் எழுத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுவாள்: டண்ணகரம், றன்னகரம், இடையினம், வல்லினம் என்று. அதுவும் பலருக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும், ‘மூணு சுழி’, ‘ரெண்டு சுழி’, ‘சின்ன ல’, ‘பெரிய ள’ என்று இறங்கிவந்தாள். அலகிட்டு வாய்பாடு காட்டும் கேள்வியில் கட்டம் போட வேண்டும். எந்த வரிசையில் எதை எழுத வேண்டும் என்று அவள் சொல்ல, எதிரில் இருப்பவர் அதைப் புரிந்துகொள்ள வேண்டும். இரண்டு பேரும் ஒரு தடவையாவது முன்னாடி உட்கார்ந்து பழகாமல் இது வராது.

கணினியில் தானே தட்டச்சு செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 2018 வழிகாட்டுதலே பிரெய்ல், கணினி, விடைகளைப் பேசிப் பதிவுசெய்தல் என்று வழிகளை அடுக்கியது. அவளும் என்.வி.டி.ஏ. என்ற, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளை வைத்துத் தமிழ் படிக்கிறவள்தான். கல்லூரித் தேர்வறைக்குள் அந்தக் கணினியை யார் வைப்பது என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. அது தனிக் கதை.

முதல் தாளுக்கு நாங்கள் அனுப்பிய மாணவர் நல்ல கெட்டிக்காரர். பரீட்சை முடிந்து வந்த மாணவி முகம் கொடுத்துப் பேசவில்லை. விடுதி வாசலில் கேட்டபோதுதான் சொன்னாள்: “அவரு நல்லாத்தாண்ணே எழுதுறாரு. ஆனா நான் நாலு வரி சொன்னா, ‘இதான மேட்டர்?’னு ரெண்டு வரியில முடிச்சிர்றாரு. எழுதுறவங்க கெட்டிக்காரங்களா இருக்கணும்னு இல்லண்ணே. நான் சொன்னத எழுதுனாப் போதும்.”

அதுவரை பொருத்தம் பார்த்தது நாங்கள்தான். யார் யாருக்கு எழுதுவது என்று நாங்களே முடிவுசெய்து, அவளுக்கு நம்பரை அனுப்பிவிடுவோம். உதவி வாங்குகிறவருக்கு ‘இவர் வேண்டாம்’ என்று சொல்லும் இடம் எங்கள் ஏற்பாட்டில் எங்குமே இல்லை. அவளாகச் சொல்லவும் மாட்டாள். சும்மா வந்து எழுதித் தருகிறவரைக் குறை சொன்னால் அடுத்த தாளுக்கு ஆள் வராது என்ற பயம்.

ஏழே முக்காலிலிருந்து பத்து இருபத்தைந்து வரை

டீயை வைத்துவிட்டு ஷீட்டைத் திறந்தேன். மாற்று ஆள் என்று ஒருவர் பெயரை மனதில் வைத்திருந்தேனே தவிர, அவரிடம் அன்றைய தேதியைச் சொல்லி வைக்கவில்லை. கூப்பிட்டால் அவர் கொடைக்கானலில் இருந்தார். அதற்கப்புறம் பதினோரு பேரைக் கூப்பிட்டேன். நால்வர் எடுக்கவில்லை. எடுத்தவர்களில் இரண்டு பேர் உடனே கிளம்பத் தயார், இருவருமே பட்டதாரிகள்.

எட்டரைக்கு ஒரு டீச்சர் எடுத்தார். அரசுப் பள்ளித் தமிழாசிரியை. தானே எழுத வருவதாகப் பெயர் கொடுத்து, படிப்பு அதிகம் என்று எங்களால் ஒதுக்கப்பட்டவர். விஷயத்தைக் கேட்டவர், “தம்பி, பிளஸ் டூ எழுதி முடிச்ச பிள்ளைங்க எல்லாம் வீட்லதான இருக்கு? என் கிளாஸ் பிள்ளை ஒண்ணு பக்கத்துத் தெருதான். அவங்க அம்மாட்ட கேட்டுக் கூட்டிட்டு வரவா?” என்றார்.

எங்களுக்குத் தோன்றவே இல்லை. அந்த வருஷம் பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச் 13 தொடங்கி ஏப்ரல் 3 அன்று முடிந்தது. முடிவு வந்தது மே 8 அன்று. நடுவில் ஒரு மாதத்துக்கு மேல் அந்தப் பிள்ளைகளுக்கு வகுப்பு இல்லை. மூன்று மணி நேரம் விடாமல் எழுதிப் பழகிய கை. தமிழ் வழிப் பிள்ளைகள் என்றால் நேர், நிரை எல்லாம் அப்போதுதான் படித்து முடித்திருப்பார்கள். பிளஸ் டூ முடிவு வராததால் கையில் இருப்பது பத்தாம் வகுப்பும் பிளஸ் ஒன்னும்தான். ஆக ‘ஒரு படி கீழே’ என்பதை எந்தக் கட்சி எப்படிப் படித்தாலும் பொருந்துவார்கள். கல்லூரிகளில் ஏப்ரல் பருவத் தேர்வு நடப்பதும் அதே சமயத்தில்தான். ஆறு மாதமாக என்.எஸ்.எஸ். அலுவலர்களுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்த நாங்கள் எத்தனை பெரிய மக்குகள்!

டீச்சரும் அந்தப் பெண்ணும் ஷேர் ஆட்டோ பிடித்து ஒன்பது ஐம்பதுக்கு வந்து சேர்ந்தார்கள். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில், பழைய பெண்ணின் பெயருக்குத்தான் அனுமதி. போட்டோவும் ஒட்டி முத்திரை வைத்தாகிவிட்டது. “நேத்தே சொல்லியிருக்கணும்ல?” என்றார் மேசையில் இருந்தவர். அவசரத்துக்கு ஸ்கிரைபை மாற்ற இடம் கொடுக்க வேண்டும் என்ற வழிகாட்டுதல் பத்தியை நான் பிரிண்ட் எடுத்துப் பையில் வைத்திருந்தேன். அதைக் காட்டியதும் அவர் கோபப்படவில்லை, மேலிடத்தைக் கேட்கப் போனார். மேலிடம் வேறொரு கட்டடத்தில் இருந்தது.

அந்த இடைவெளியில் தாழ்வாரத்து பெஞ்சில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மாணவி கேட்டாள்:

“தளைன்னு சொன்னா எந்த ள போடுவ?”

“பெரிய ளக்கா.”

“தளை தட்டுதுன்னா?”

“வெண்டளை, ஆசிரியத்தளை... அந்தத் தளைதானக்கா?”

அவள் முகத்தில் அன்று காலை முதல்முறையாக ஒரு தெளிவு வந்தது. அனுமதி வந்து உள்ளே போனபோது மணி பத்து இருபத்தைந்து. மூன்று மணி நேரத் தாளுக்கு ஒரு மணி நேரம் கூடுதல், ஆக இரண்டு மணி வரை. தாமதமான 25 நிமிடத்தைப் பின்னால் சேர்த்துத் தரச் சொல்லிக் கேட்டோம். தரவில்லை. சரியாக இரண்டு மணிக்குத் தாளை வாங்கிவிட்டார்கள். கடைசி நெடுவினா பாதியில் நின்றது.

தேறிவிட்டாள். ஆறு தாளில் அதில்தான் மதிப்பெண் குறைவு. அவளுக்கு மிகப் பிடித்த பாடமும் அதுதான்.

அப்புறம் மாற்றியவை

அந்த வருஷத்து நிலவரத்தை நண்பர்களோடு உட்கார்ந்து பேசியபோது ஒருவர் ‘பி மை ஐஸ்’ செயலியை இழுத்தார். 2015இல் டென்மார்க்கில் தொடங்கியது. பார்வைக் குறைபாடுள்ள ஒருவரின் யோசனை. பார்வையற்றவர் வீடியோவில் கூப்பிட்டால், அவர் மொழி பேசும் தன்னார்வலர்கள் பலருக்கு ஒரே நேரத்தில் மணி அடிக்கும். முதலில் எடுப்பவர் மருந்து அட்டையில் இருக்கும் தேதியைப் படித்துச் சொல்வார். உதவி கேட்பவர்களைவிட உதவ வந்தவர்கள் பல மடங்கு. நாமும் அப்படி ஒன்று செய்யலாமே என்றார் நண்பர்.

அங்கே யார் எடுத்தாலும் வேலை நடக்கும். கண் இருந்தால் போதும், இரண்டு நிமிஷ வேலை. அப்படிப்பட்ட இடத்தில் ஆள் அதிகம் சேர்ப்பதுதான் வழி. ஸ்கிரைப் விஷயம் ரத்தம் தேடுவது மாதிரி. குரூப் பொருந்த வேண்டும், கொடுத்துக் குறிப்பிட்ட நாள் ஆகியிருக்க வேண்டும், அந்த நேரத்துக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். ஊரில் ஆயிரம் பேர் தயார் என்பதால் ஓ நெகட்டிவ் கிடைத்துவிடாது. நாங்கள் ஆயிரம் பேர் சேர்க்கும் வேலையைச் செய்துவிட்டு, பொருத்தம் பார்க்கும் வேலையை நடந்துவிடும் என்று விட்டிருந்தோம்.

ஷீட்டைப் புதிதாகப் போட்டோம். பெயருக்கு முன்னால் தேதி. தேர்வு அட்டவணை வந்ததும் ஒவ்வொரு தாளும் ஒரு வரிசை. அதில் எழுதுபவர், துணை என்று இரண்டு கட்டம். துணைக்கு இருப்பவரின் போட்டோவும் அடையாள அட்டை நகலும் முன்கூட்டியே அலுவலகத்தில் கொடுத்துவிடுவது. சில அலுவலகங்கள் ஒரு தாளுக்கு இரண்டு பெயரை வாங்க மறுக்கின்றன. அங்கே நகலைப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறோம். பதிவு செய்கிறவர்களிடம் கடைசியாகத் தேறிய தேர்வு எது, எந்தக் கிழமைகளில் காலை காலியாக இருக்கும் என்று கேட்கிறோம். தமிழ்த் தாள் என்றால், போனில் ஒரு பக்கம் சொல்லச் சொல்ல எழுதி, போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். அதைத் திருத்துவது ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். அவர்களுக்கும் ஒருவழியாக வேலை கிடைத்தது. தேர்வில்லாத மாதங்களில் பாடப் புத்தகத்தை ஒலிப்பதிவு செய்து தருவதும் அவர்கள்தான். அதற்குப் படிப்பு அதிகம் என்று யாரும் தடுப்பதில்லை.

பட்டியல் நூறிலிருந்து முப்பத்துச் சொச்சமாக இறங்கியது. நண்பர்களில் ஒருவருக்கு இதில் வருத்தம். மனமுவந்து வந்தவர்களைச் சோதனை வைத்து விரட்டுகிறோம் என்றார். எனக்கு அப்படிப் படவில்லை. நூறு பெயர் இருந்தபோது யாரையும் நம்ப முடியவில்லை.

தாளுக்கு இரண்டு நாள் முன்பு மாணவரும் எழுதுபவரும் சந்திக்க வேண்டும். சந்திப்பு முடிந்ததும் மாணவருக்கு மட்டும் நாங்கள் தனியாகப் போன் போடுகிறோம். ‘வேறு ஆள் பார்க்கவா?’ என்று நாங்களே கேட்கிறோம், காரணம் கேட்பதில்லை. முதல் தடவை கேட்டபோது எல்லாரும் ‘இவங்களே போதும்’ என்றார்கள். நான்காவது, ஐந்தாவது தடவைக்கு மேல்தான் ஒருவர் ‘மாத்துங்கண்ணே’ என்றார்.

நான்கு மணி நேரம் என்பதை எழுதுபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மூன்று மணி நேரம் என்று நினைத்து வந்து, ஒரு மணிக்குப் பசியில் கை நடுங்கிய பையனைப் பார்த்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு வரச் சொல்வோம். பெண் பிள்ளைகள் என்றால் வீட்டில் பேசி, போக்குவரத்துச் செலவையும் நாங்கள் கொடுத்துவிடுகிறோம். முதலில் இதைச் சொல்லத் தயங்கினோம். சேவைக்குக் காசா என்று. ஆட்டோவுக்குக் காசில்லாமல் வராமல் போன பிள்ளையும் வாய் திறந்து சொல்லாது.

எங்கள் ஷீட் பார்வையில்லாதவர்களோடு நிற்கவும் இல்லை. எழுத உட்கார்ந்தால் கை இழுத்துக்கொள்ளும் கோளாறு உள்ள ஒருவர், குடிமைப் பணித் தேர்வில் ஸ்கிரைப் மறுக்கப்பட்டதற்காக உச்சநீதிமன்றம் வரை போனார். ஸ்கிரைப் கேட்க 40 சதவீத ஊனம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை என்று 2021 பிப்ரவரி 11 அன்று தீர்ப்பு வந்தது. அப்படிப்பட்டவர்களுக்கென்று 2022 ஆகஸ்ட் 10 அன்று தனி வழிகாட்டுதலும் வந்துவிட்டது. கேட்பவர்கள் கூடுகிறார்கள்.

நவம்பர் பருவத்துக்கு ஏப்ரல் வழி கிடையாது. அப்போது பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், டியூஷன், திருப்புதல் தேர்வு. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் பிள்ளைகளிடம் கேட்டு வருகிறோம். அந்த டீச்சர் தன் பழைய மாணவிகளில், பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திவிட்டு ஜவுளிக்கடையில் நிற்கும் இருவரைச் சொல்லியிருக்கிறார். தீபாவளி முடிந்தால்தான் கடையில் லீவு கேட்க முடியுமாம். இலக்கணத் தாள் இந்த முறையும் செவ்வாய்க்கிழமை. அந்த வரிசையில் எழுதுபவர் கட்டம் நிரம்பிவிட்டது, துணைக் கட்டம் இன்னும் காலி.